வாசகர் கேள்வி, டாக்டர் பதில்: ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே மறுபடியும் அடைப்பா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதய அடைப்பையும், அடைத்த குழாயை விரித்துத் திறந்து வைக்கிற சின்னக் கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட்டையும் பற்றித்தான். கோத்தகிரிப் பக்கமிருந்து வந்த முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அதே கேள்வியை வேறு வேறு ஊர்க்காரர்கள் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி (வாசகி, கோத்தகிரி அருகே ஒரு ஹட்டி): அப்பாவுக்கு 61 வயது, ரொம்ப வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஆஞ்சியோ செய்து, இதயத்தின் முன்பக்கக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். போன மாதத்திலிருந்து தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏறி வரும்போது நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்கிறார். மறுபடி ஆஞ்சியோ செய்ததில் ஸ்டென்ட்டுக்கு உள்ளேயே 80 சதவீதம் அடைப்பாம். மாத்திரை ஒரு நாள்கூட விட்டதில்லை. மட்டமான ஸ்டென்ட்டை வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார் சித்தப்பா. அப்பாவோ, இனி கீழே வரவே மாட்டேன், என்னை விட்டுவிடுங்கள் என்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்டென்ட் ஸ்டிக்கரையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், இது கைவிடுகிற விஷயமே இல்லை. ஸ்டென்ட்டுக்குள் மறுபடி சுருங்குவது டாக்டர்கள் நன்றாக அறிந்த ஒன்று, அதற்கென்றே வைத்தியம் இருக்கிறது. வலி திரும்பியதும் அவர் வாயைத் திறந்து சொன்னாரே, அதுவே பெரிய விஷயம். எத்தனையோ பேர் அதைக்கூடச் சொல்லாமல் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

இப்போது அந்த ஸ்டிக்கரைப் பார்ப்போம். அதில் 2.50 x 38 என்று இருக்கிறது. 2.5 மில்லிமீட்டர் விட்டம், 38 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம். அதாவது குழாய் சிறியது, அடைப்பு நீளமானது, ஆளுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. மறுபடி சுருங்குவதற்கான வாய்ப்பைக் கூட்டுகிற மூன்று காரணங்கள் உங்கள் அப்பாவிடம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. சித்தப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த அளவையும் சர்க்கரையையும் பார்க்கும்போது ஏமாற்று வேலை என்று நினைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. இப்படி ஆகலாம் என்று அன்றைக்கே உங்களை உட்கார வைத்து யாராவது சொல்லியிருக்க வேண்டும், அது மட்டும் குறைதான்.

ஏன் சுருங்குகிறது? அடைப்பைப் பலூனால் அழுத்தி விரிக்கும்போது குழாயின் உள்சுவரில் காயம் படுகிறது. உடம்பு அந்தக் காயத்தை ஆற்றப் பார்க்கிறது. வெட்டுக்காயம் ஆறும்போது சிலருக்குத் தழும்பு தடித்து எழும்புமே, அதுபோலக் குழாய்ச் சுவரிலுள்ள தசை அணுக்கள் பெருகி, ஸ்டென்ட்டின் கம்பிகளைத் தாண்டி உள்ளே வளர்கின்றன. இது 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் முதல் முறையாக ஒருவருக்கு இதயக் குழாயில் பலூன் செய்த காலத்திலிருந்தே இருக்கிற தலைவலி. பலூன் மட்டும் செய்த நாட்களில் மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி சுருங்கியது. 1986ல் ஸ்டென்ட் வந்தது, விரித்த குழாய் திரும்ப ஒட்டிக்கொள்வது நின்றது, ஆனால் உள்ளே வளரும் சதை நிற்கவில்லை. அப்புறம் 2002, 2003 வாக்கில் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. அந்த மருந்துகளில் முதலாவதான சிரோலிமஸ், ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு உடம்பு புதிய உறுப்பை ஒதுக்காமலிருக்கக் கொடுக்கிற மருந்தும் அதுதான். அணுக்கள் பெருகுவதை அது தடுக்கும். வெறும் உலோக ஸ்டென்ட்டில் வளரும் சதையால் குழாயின் விட்டம் சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் குறைந்தது, மருந்து பூசியதில் அது 0.1, 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியது. 3.5 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மில்லிமீட்டர் போனாலும் தாங்கும், 2.5ல் போனால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைய ஸ்டென்ட்களில் முதல் வருஷத்துக்குள் மறுபடி சுருங்குவது பத்து சதவீதத்துக்கும் கீழே. அந்தச் சிலரில் உங்கள் அப்பாவும் ஒருவராகிவிட்டார், அவ்வளவுதான்.

மாத்திரையை விடாமல் சாப்பிட்டும் ஏன் வந்தது என்பதுதான் உங்களை ரொம்ப வருத்துகிறது என்று நினைக்கிறேன். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரைகள், சதை வளர்வதை அவை தடுக்காது. இது இரண்டும் வேறு வேறு. சதை வளர்ந்து சுருங்குவது மாதக்கணக்கில் மெதுவாக நடக்கும், ஏறும்போது வலிக்கும், நின்றால் அடங்கும், பார்த்துச் செய்ய நேரம் இருக்கும். ரத்தம் உறைவது திடீரென்று நடக்கும், முழுக் குழாயும் சில நிமிஷத்தில் மூடிக்கொள்ளும், அது பெரிய ஹார்ட் அட்டாக், அதில் உயிர் போகிறவர்கள் நிறைய. உங்கள் அப்பா மாத்திரை சாப்பிட்டது வீண் போகவில்லை, அந்த இரண்டாவதிலிருந்து அவரைக் காப்பாற்றியது அதுதான். மெதுவாக வருவதால் இதைத் தள்ளிப்போடலாம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பைவிடக் கொஞ்ச தூரம் நடந்தாலே வலி வருகிறது, உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது, ராத்திரியில் எழுப்பிவிடுகிறது என்றால் அன்றைக்கே கீழே போக வேண்டும்.

இனி வைத்தியம். மறுபடி ஒரு ஸ்டென்ட் வைக்கிறோம் என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பீர்களா? ஐவஸ் என்று ஒன்று இருக்கிறது, ஓசிடி என்று ஒன்று இருக்கிறது. முதலாவது ஒலி அலையாலும் இரண்டாவது ஒளியாலும் குழாயின் உள்ளே படம் எடுக்கும். சாதாரண ஆஞ்சியோ படத்தில் சுருக்கம்தான் தெரியும், காரணம் தெரியாது. பழைய ஸ்டென்ட் அன்றைக்கே முழுசாக விரியாமல் போனதா, சுற்றிலும் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கிறதா, கம்பி எங்காவது உடைந்திருக்கிறதா, உள்ளே வளர்ந்தது வெறும் சதையா அல்லது புதிதாகக் கொழுப்பு படிந்ததா என்றெல்லாம் அதில்தான் தெரியும். காரணத்துக்குத் தகுந்த மாதிரிதான் வைத்தியம். விரியாத ஸ்டென்ட் என்றால் அதிக அழுத்தப் பலூனால் விரிக்க வேண்டும், சுண்ணாம்பு என்றால் அதிர்வலை கொடுத்து அதை உடைக்கிற பலூன் இருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் விரியாத ஸ்டென்ட்டுக்குள் இன்னொன்றை வைத்தால் அதுவும் விரியாது, ஆறு மாதம் கழித்து எனக்கு இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.

சதை வளர்ச்சிதான் காரணம் என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மருந்து பூசிய புதிய ஸ்டென்ட்டைப் பழையதற்குள் வைப்பது. இன்னொன்று மருந்து பூசிய பலூன்: சுருங்கிய இடத்தை முதலில் நன்றாக விரித்துவிட்டு, இந்தப் பலூனை அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஊதி வைப்பார்கள், மருந்து சுவருக்குள் இறங்கிவிடும், பலூன் வெளியே வந்துவிடும், உள்ளே புதிதாக உலோகம் எதுவும் தங்காது. அமெரிக்காவில் இதயக் குழாய்க்கு இதை 2024ல்தான் அனுமதித்தார்கள், நம் ஊரில் அதற்கும் பல வருஷம் முன்பிருந்தே செய்கிறார்கள். இரண்டில், மறுபடி சுருங்காமலிருப்பதில் ஸ்டென்ட்டுக்குக் கொஞ்சம் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் 2.5 மில்லிமீட்டர் குழாயில் இரண்டாவது அடுக்கு உலோகத்தை வைக்க எனக்கு மனசு வராது, உங்கள் அப்பா விஷயத்தில் பலூனைப் பற்றி அழுத்திக் கேட்கச் சொல்வேன். முடிவு படத்தைப் பார்க்கிற இதய மருத்துவருடையது.

பைபாஸ் என்ற பேச்சையும் ஒதுக்காதீர்கள். மற்றக் குழாய்களிலும் அடைப்பு இருந்து, சர்க்கரையும் இருந்தால் ஸ்டென்ட்டைவிட பைபாஸ் நல்லது என்பது 2012ல் வந்த ஃப்ரீடம் என்ற பெரிய ஆய்விலேயே தெளிவானது. அதுவும் முன்பக்கக் குழாய்க்கு மார்புக்கூட்டின் உட்புறத் தமனியைக் கொண்டுவந்து இணைத்தால், பத்து வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு அது திறந்தே இருக்கிறது. சுருக்கம் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று வந்துகொண்டே இருந்தாலும் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

அப்புறம் சம்மரியில் என் கண்ணில் பட்ட ஒன்று. மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.4, கெட்ட கொழுப்பு 118. ஸ்டென்ட் வைத்தவருக்குக் கெட்ட கொழுப்பு 55க்குக் கீழே இருக்க வேண்டும், 70ஐத் தாண்டவே கூடாது. ஸ்டென்ட் அந்த 38 மில்லிமீட்டரைத்தான் திறந்தது, மற்ற இடங்களில் நோய் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. கொழுப்பு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும், போதாவிட்டால் எசெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்க்க வேண்டும், சர்க்கரையை ஏழு பக்கம் கொண்டுவர வேண்டும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். போகும்போது இரண்டு ஆஞ்சியோவின் சிடியையும் ஸ்டிக்கர் உள்ள அந்தப் பக்கத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே காட்டி, எது எதற்குப் பணம் வரும் என்று கேட்டுவிடுங்கள், பலூனுக்கு ஆகும் செலவைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி (வாசகர், குன்னூர்): நான்கு மாதத்துக்கு முன் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். ரத்தம் நிற்காது, ஆஸ்பிரின், டிக்காக்ரெலார் இரண்டையும் ஐந்து நாள் நிறுத்திவிட்டு வாருங்கள் என்கிறார் பல் டாக்டர். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். மேலே இரண்டாவதாகச் சொன்னேனே, திடீரென்று ரத்தம் உறைவது, அது வருவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான். ஹார்ட் அட்டாக்குக்குப் பிறகு பொதுவாக ஒரு வருஷம் இரண்டு மாத்திரையும் போக வேண்டும், அதன்பின் பெரும்பாலும் ஒன்று மட்டும் ஆயுசுக்கும். ஒரு பல் பிடுங்குவதை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே செய்யலாம். பஞ்சு வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திவிடலாம். பல்லில் வரும் ரத்தம் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம், கையால் அழுத்தி நிறுத்தக்கூடியது. ஸ்டென்ட்டில் உறைகிற ரத்தம் அப்படியா? பல் டாக்டரிடம் கோபப்பட வேண்டாம், ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வேறு பெரிய ஆபரேஷன் ஏதாவது அவசரமில்லாமல் காத்திருக்க முடியும் என்றால் அதைத் தள்ளிப்போடுவதுதான் சரி. வயிற்றெரிச்சல் என்றோ, மூச்சு வாங்குகிறது என்றோ நீங்களாக மாத்திரையை விட்டுவிடவும் கூடாது. டிக்காக்ரெலார் சிலருக்கு மூச்சுமுட்டுகிற மாதிரி உணர்வைத் தரும், டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார்.

கேள்வி (வாசகர், கூடலூர்): வயது 54. நெஞ்சுவலி எதுவும் இல்லை, கம்பெனி செக்கப்பில் டிஎம்டி (ட்ரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் இசிஜி) சரியில்லை என்று ஆஞ்சியோ செய்தார்கள், வலது பக்கக் குழாயில் 75 சதவீத அடைப்பு. உடனே ஸ்டென்ட் வைக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் அட்டாக் வரும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. ஸ்டென்ட்டின் விலை எவ்வளவு இருக்கும்?

பதில்: பயத்தில் முடிவெடுக்காதீர்கள். 2020ல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் உங்களைப் போன்று நிலையாக இருக்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள், நம் நாட்டு மருத்துவமனைகளும் அதில் இருந்தன. ஒரு பாதிக்கு மாத்திரையோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ், இன்னொரு பாதிக்கு முதலில் மாத்திரை மட்டும். மூன்று வருஷத்துக்கு மேல் பார்த்ததில் இறப்பிலோ அட்டாக்கிலோ குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. வலி அடிக்கடி இருந்தவர்களுக்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸால் வலி குறைந்தது, அது உண்மையான பலன். உங்களுக்கோ வலியே இல்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஸ்டென்ட் வேண்டாம் என்று கிளம்பிவிடக் கூடாது. ஹார்ட் அட்டாக் நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிரைக் காக்கும், அதில் பேச்சே இல்லை. இடது பிரதானக் குழாயில் அடைப்பு இருந்தாலோ, எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்ப் பலம் நன்றாகக் குறைந்திருந்தாலோ அவர்கள் இந்த ஆய்வில் சேர்ந்தவர்களே இல்லை. உங்கள் படத்தில் அந்த இரண்டும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள், வேறு ஓர் இதய மருத்துவரிடம் சிடியைக் காட்டி இரண்டாவது கருத்து கேளுங்கள், அதற்குள் மாத்திரைகளை ஆரம்பித்துவிடுங்கள். விலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி விற்றார்கள். அதன்பின் வரம்பு அவ்வப்போது மாறுகிறது, பில்லில் ஸ்டென்ட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

கேள்வி (வாசகி, மஞ்சூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடு): வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் இருக்கிறது. ராத்திரியில் நெஞ்சுவலி வந்தால் வாயுவா, அட்டாக்கா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மழையில் ரோடு வேறு அடைத்துக்கொள்கிறது.

பதில்: உங்களுக்குத் தெரியாதும்மா, எனக்கும் இசிஜி பார்க்காமல் தெரியாது. ஸ்டென்ட் வைத்தவருக்கு வருகிற வலியை வீட்டில் யாரும் வாயு என்று பெயர் வைக்கவே கூடாது. நம் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் நீலகிரித் தைலம் இருக்கிறது, நெஞ்சில் தேய்த்ததும் சூடாக இதமாக இருக்கிறது, அந்த இதத்தில் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இதயத் தசைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாம். நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிரிலும் கொட்டும் வியர்வை, காரணமில்லாமல் மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் அசையாமல் உட்கார வையுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த சார்பிட்ரேட் இருந்தால் உட்கார்ந்தபடியே நாக்குக்கு அடியில் ஒன்று வைக்கலாம், நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார். ஆண்மைக்குறைவு மாத்திரை சாப்பிட்டிருந்தால் வைக்கவே கூடாது, கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்தில் அடங்காவிட்டால் 108.

கோயம்புத்தூரையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். மஞ்சூரிலிருந்து ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே போய்ச் சேர முடியாது. பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்து 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கிருந்து இசிஜியும் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியும் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்கிற கேத் லேப் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டாத ஊரில் அந்த ஊசியைச் சீக்கிரம் போட்டுவிட்டு, பிறகு கீழே கொண்டுபோய் ஆஞ்சியோ செய்வதுதான் முறையான வைத்தியம், இரண்டாந்தரம் இல்லை. பெருமழைக் காலம் வருவதற்கு முன்பே ஒரு பகலில் அந்த சுகாதார நிலையத்துக்குப் போய், ராத்திரியில் யார் இருப்பார்கள், எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சம்மரியின் நகல் ஒன்று கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கட்டும்.

கேள்வி (வாசகர், கோத்தகிரி): இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? வர்க்கி சாப்பிடலாமா?

பதில்: கரையாது. சமையலில் இஞ்சியும் பூண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்லதுதான், ஆனால் அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள். அடைப்பில் படிந்த கொழுப்பைக் கொஞ்சமாவது சுருக்குவதாக நிரூபணமானது கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள்தான், அதுவும் அளவு நன்றாக இறங்கினால். வர்க்கி முழுக்க மைதாவும் வனஸ்பதியும். 2022 முதல் எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது, அது நல்ல மாற்றம். அப்படியும் தினமும் டீயோடு நாலு வர்க்கி என்பது ஸ்டென்ட் வைத்தவருக்கு வேண்டாம். விருந்தாளி வந்த நாளில் ஒன்று சாப்பிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. நம் அவரைக்கொட்டைக் குழம்பும் கீரையும் தட்டில் நிறைய இருக்கட்டும்.

கேள்வி (வாசகர், ஊட்டி, இப்போது திருப்பூரில் மகன் வீட்டில்): ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. உயரமான ஊர், குளிர், ஆக்ஸிஜன் குறைவு, இனி ஊட்டிக்குப் போகவே கூடாது என்கிறான் மகன். அங்கேதான் எனக்கு வீடு, தோட்டம் எல்லாம்.

பதில்: போகலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான், மகன் சொல்வது பொய் இல்லை. ஆனால் ஸ்டென்ட் நன்றாக இருந்து, எக்கோவில் பம்ப் பலம் சரியாக இருந்து, திருப்பூரில் இரண்டு மாடி ஏறினால் வலியோ மூச்சுவாங்கலோ இல்லை என்றால் அந்த உயரம் உங்களைத் தடுக்காது. கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, ட்ரெட்மில் பரிசோதனை தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போன முதல் சில நாள் ஏற்றம் ஏறாமல் சமதளத்தில் மட்டும் நடங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஆறு மணிக்கு நடைப்பயிற்சி என்று கிளம்பாதீர்கள். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். வெயில் வந்தபின் ஒன்பது, பத்து மணிக்குக் குல்லாயும் மப்ளரும் போட்டுக்கொண்டு போனால் போதும். வயிறு நிறையச் சாப்பிட்டதும் மேடு ஏற வேண்டாம். தோட்டத்தில் களை எடுக்கலாம், உருளைக்கிழங்கு மூட்டையை மட்டும் வேறு யாராவது தூக்கட்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மட்டும் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.